ஊரடங்கும் மறதி நோயும்: வாசல் கதவைப் பூட்டி வைக்கலாமா?

கேள்வி, 11 ஏப்ரல் 2020

அப்பாவுக்கு 76 வயது. அல்சைமர் என்று டாக்டர் சொல்லி மூன்று வருடம் ஆகிறது. தினமும் காலையில் பூங்கா வரை நடந்து, முனைக் கடையில் டீ குடித்துவிட்டு வருவார். ஊரடங்கு போட்டதிலிருந்து வெளியே விடவில்லை. கொரோனா என்று சொன்னால் "சரி" என்கிறார். பத்து நிமிஷத்தில் மறுபடி செருப்பை மாட்டுகிறார். நேற்று தடுத்தபோது என்னைத் தள்ளிவிட்டார். கதவைப் பூட்டிச் சாவியை ஒளித்து வைக்கலாமா? சித்தப்பா தூக்க மாத்திரை கொடுக்கச் சொல்கிறார். இப்படி ஒருவரைப் பார்த்துக்கொள்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பதில், 11 ஏப்ரல் 2020, இரவு

பூட்டுங்கள். ஆனால் அவர் கண்ணெதிரே பூட்ட வேண்டாம். பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று அவரோடு வாதாடவும் வேண்டாம். அவரைத் தனியாக உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு மட்டும் எங்கேயும் போய்விடாதீர்கள், பால் வாங்கக்கூட. கேஸ் அடுப்பு இருக்கிற வீடு.

என் அப்பாவுக்கும் இதே நோய்தான். பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் எழுந்ததும் பேண்ட் சட்டை போட்டுக்கொண்டு "ஷிஃப்டுக்கு நேரமாச்சு" என்று வாசலில் நிற்பார். முன்பெல்லாம் அம்மா அவரைத் தெருக்கோடி வரை கூட்டிக்கொண்டு போய் வருவார், அத்தோடு அன்றைய ஷிஃப்ட் முடிந்துவிடும். இப்போது அதற்கும் வழியில்லை.

கொரோனாவை விளக்குவதை முதலில் நிறுத்துங்கள். புதிதாகக் கேட்டதைப் பதிய வைக்கிற மூளைப் பகுதியைத்தான் அல்சைமர் ஆரம்பத்திலேயே பிடிக்கிறது. நீங்கள் சொல்லும் காரணம் பத்து நிமிஷத்தில் போய்விடும், ஆனால் யாரோ தன்னை வழிமறித்தார்கள் என்கிற கோபம் அவ்வளவு சீக்கிரம் போகாது. அந்தக் கோபத்தில்தான் உங்களைத் தள்ளியிருப்பார்.

எங்கள் வீட்டில் அம்மா செய்வதைச் சொல்கிறேன். அப்பா கிளம்பி நின்றதும் மறுப்பு சொல்லாமல் டிபன் பாக்ஸைக் கையில் கொடுக்கிறார். இரண்டு பேரும் மொட்டை மாடிக்குப் போகிறார்கள். அப்பா தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நடப்பார், கைப்பிடிச் சுவரைத் தட்டிப் பார்ப்பார், கொடிக் கம்பியின் வெல்டிங் சரியில்லை என்று திட்டுவார். அங்கேயே இட்லியைச் சாப்பிட்டுவிட்டு இறங்கி வருவார்கள். "வேலை முடிஞ்சுதா?" என்று அம்மா கேட்டால் "முடிஞ்சுது" என்று சட்டையைக் கழற்றுவார். காலையில் கிளம்பிப் போய்விட்டுத் திரும்பி வர வேண்டும், அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். உங்கள் அப்பாவுக்கும் மாடியோ, வாசல் படியோ, காம்பவுண்டுக்குள் நாலு சுற்றோ இருந்தால் போதும். கடைசியில் டீ இருக்கட்டும். கடையில் குடிக்கிற மாதிரி கண்ணாடி டம்ளரிலேயே கொடுங்கள்.

12 ஏப்ரல் 2020

தூக்க மாத்திரை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டாக்டரைக் கேட்காமல் ஒன்றும் கொடுக்காதீர்கள். தூக்க மாத்திரை இந்த நோயாளிகளின் குழப்பத்தைக் கூட்டும், கால் தடுமாறி விழவும் வைக்கும். இடுப்பெலும்பு உடைந்தால் இந்தச் சமயத்தில் யாரிடம் கூட்டிக்கொண்டு போவது? ஆவேசத்தை அடக்க என்று சிலர் வாங்கித் தரும் மனநோய் மருந்துகள் இன்னும் ஆபத்து. டிமென்ஷியா, அதாவது அல்சைமர் போன்ற மறதி நோய், உள்ள வயதானவர்களுக்கு அவை மரண அபாயத்தைக் கூட்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே தன் கடுமையான எச்சரிக்கையைப் போட்டுவிட்டது. டாக்டர் பார்த்து, தேவை என்று முடிவு செய்து, குறைந்த அளவில் கொஞ்ச காலத்துக்குக் கொடுப்பது வேறு. சித்தப்பா சொல்லிக் கொடுப்பது வேறு.

டாக்டரை இப்போது போனிலேயே கேட்கலாம். மார்ச் 25-ம் தேதி மத்திய அரசு தொலைமருத்துவத்துக்கான நெறிமுறைகளை வெளியிட்டுவிட்டது. வழக்கமாகப் பார்க்கிற டாக்டர் என்றால் பழைய சீட்டைப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பிப் பேசுங்கள்.

அப்புறம், ஆவேசம் வந்தால் உடம்பையும் பாருங்கள். மலச்சிக்கல், பல் வலி, மூத்திரம் போக இடம் தெரியாத தவிப்பு, பசி. அவரால் சொல்ல முடியாது, எழுந்து நடக்கத்தான் தெரியும்.

14 ஏப்ரல் 2020

ஊரடங்கை மே 3 வரை நீட்டித்துவிட்டார்கள். மாத்திரைகளை இன்றைக்கே எண்ணிப் பாருங்கள். அல்சைமருக்குக் கொடுக்கும் டோனெபெசில் போன்றவை எல்லா மெடிக்கலிலும் இருக்காது, சொல்லி வைத்தால்தான் வரவழைத்துத் தருவார்கள். தீர்ந்துபோய் நடுவில் நின்றால் சிலருக்குக் குழப்பம் சட்டென்று கூடும்.

19 ஏப்ரல் 2020

மாஸ்க் பற்றி இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அப்பா தன் தெருவில் எல்லோரையும் மாஸ்க்கோடு பார்த்துவிட்டு, "இந்தத் தெருவுல எல்லாருக்கும் ஒரே நேரத்துல பல் வலி வந்திருக்கே, தண்ணி சரியில்லையா?" என்று மிகுந்த கவலையோடு கேட்டார். அம்மா சிரித்த சிரிப்பில் அவரும் சேர்ந்து சிரித்தார். வெகு நாள் கழித்து அந்த வீட்டில் சிரிப்பு கேட்டது.

அவருக்கு மாஸ்க் நிற்காது. கழற்றிப் பையில் வைத்துவிடுவார். அதனால் அவர் பக்கத்தில் போகிற நாங்கள் போட்டுக்கொள்கிறோம். ஆனால் மாஸ்க் போட்ட முகம் அவருக்கு அடையாளம் தெரிவதில்லை, குரலும் மங்கி விடுகிறது. கொஞ்சம் தள்ளி நின்று மாஸ்க்கை இறக்கி முகத்தைக் காட்டி, "அப்பா, நான் பாப்பா வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு, திரும்ப ஏற்றிக்கொண்டு கிட்டே போவேன். கை கழுவச் சொல்லித் தருவதை விட, அம்மா தன் கையில் சோப்புப் போட்டு அவர் கையையும் சேர்த்துப் பிடித்துக் கழுவுவதுதான் எங்களுக்குச் சுலபமாக இருக்கிறது.

செய்தி சேனலை அணைத்துவிடுங்கள். நாள் முழுக்க ஓடும் மரண எண்ணிக்கை அவருக்குப் புரியாது, அந்தக் குரலில் இருக்கிற பதற்றம் மட்டும் புரியும்.

இன்னொன்று. தேங்காய் எண்ணெய் குடித்தால் மறதி போகும் என்று வாட்ஸப்பில் சுற்றுகிறது, இங்கேயும் ஒருவர் போட்டிருக்கிறார். அப்படி நிரூபணம் ஆகவில்லை. சமையலுக்கு வேண்டுமானால் ஊற்றுங்கள், அதை நம்பி மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

2 மே 2020

இதுவரை எழுதியது எல்லாம் அப்பாவைப் பற்றி. எழுத வேண்டியது அம்மாவைப் பற்றி.

வீட்டுக்குத் தினமும் ஓர் ஆயா வருவார். அப்பாவைக் குளிப்பாட்டி, சாப்பிட வைத்து, மத்தியானம் வரை இருப்பார். செங்குன்றத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர், பஸ் நின்றதும் அவர் வருவதும் நின்றது. அம்மாவுக்கு வயது எழுபதுக்கு மேல், முழங்கால் தேய்மானம். அப்பா தூங்கும்போது தூங்கி, அவர் எழுந்தால் எழுந்து, குளியலறைக் கதவைத் திறந்து வைத்தே குளிக்கிறார். நான் இருப்பது நகரத்தின் இன்னொரு கோடியில். எங்கள் தெருவைத் தகரம் வைத்து அடைத்திருந்த காலத்தில் போகவே முடியவில்லை.

சொந்தக்காரர்கள் போன் செய்யாமல் இல்லை. எல்லோரும் கேட்பது "அவர் எப்படி இருக்கார்?" அம்மா "அப்படியேதான்" என்பார். முடிந்தது. நீ தூங்கினாயா, சாப்பிட்டாயா, உன் பிரஷர் மாத்திரை இருக்கிறதா என்று ஒருவர் கேட்கவில்லை. ஒரு நாள் ராத்திரி அம்மா போனில் சொன்னார்: "நாள் பூரா பேசிட்டேதான் இருக்கேன். ஆனா யார்கூடயும் பேசல."

அதன் பிறகு ஒரு வேலை செய்தேன். "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று சொன்ன ஒவ்வொருவரிடமும் ஒரு வேலையை நேரம் குறித்துக் கொடுத்தேன். மஸ்கட்டில் இருக்கும் அண்ணன் தினமும் சாயங்காலம் அப்பாவோடு பேச வேண்டும், அந்த நேரத்தில் அம்மா நிம்மதியாகக் குளிப்பார். வீடியோ வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், திரையில் தெரியும் முகத்தைப் பார்த்து அப்பா டிவி என்று நினைக்கிறார். சாதாரண போன் அவருக்குப் பழக்கம். அண்ணன் ரயில் பெட்டி பற்றிக் கேட்டால் போதும், ஷெல் பிரிவில் தகடு பற்ற வைத்த கதை ஓடும். ஒரே கதைதான், அண்ணன் புதிதாகக் கேட்பது போலவே கேட்கிறான். எதிர் வீட்டு அக்கா மருந்தும் காய்கறியும் வாங்கி வாசலில் வைக்கிறார். அத்தை தினமும் அம்மாவை மட்டும் கூப்பிட வேண்டும், அப்பாவைப் பற்றிப் பேசக் கூடாது என்பது நிபந்தனை. இரண்டு பேரும் தங்கள் கல்யாணத்துக்கு முந்தைய ஊர்க் கதைகளில் இறங்கிவிடுகிறார்கள்.

பார்த்துக்கொள்பவரிடம் "என்ன உதவி வேணும்?" என்று கேட்காதீர்கள். யோசித்துப் பதில் சொல்வதும் அவருக்கு இன்னொரு வேலை. நீங்களே ஒன்றை எடுத்துக்கொண்டு, "செவ்வாய்க்கிழமை சாப்பாடு நான் அனுப்புகிறேன்" என்று சொல்லுங்கள்.

3 மே 2020

நேற்று எழுதியதற்கு ஒருவர், வெளிநாட்டிலிருந்து போன் செய்வதெல்லாம் உதவியா என்று கேட்டிருக்கிறார். உதவிதான். அம்மா கதவைச் சாத்திக் குளிக்கிறார்.

17 மே 2020

சேலத்திலிருந்து எழுதிய பெண்ணுக்கு. கணவர் வேறு மாநிலத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறார், வீட்டில் நீங்களும் மறதி நோயுள்ள மாமியாரும் மட்டும், மாமியார் உங்களைத் திருடி என்கிறார். படிக்கவே கஷ்டமாக இருந்தது. பொருளை எங்கோ வைத்துவிட்டுக் கிடைக்காதபோது, யாரோ எடுத்துவிட்டார்கள் என்று நினைப்பது இந்த நோயில் மிகச் சாதாரணம். பக்கத்தில் இருப்பவர் மேல்தான் பழி விழும், ஏனென்றால் பக்கத்தில் இருப்பது நீங்கள்தான். "நான் எடுக்கலை" என்று நிரூபிக்கப் போகாமல், "காணோமா அத்தை? வாங்க தேடலாம்" என்று கூடவே தேடுங்கள். ஒரே மாதிரி இரண்டு சுருக்குப் பை வாங்கி வைப்பது இன்னும் நல்லது.

அவர் கைக்கு வேலை கொடுங்கள். கீரை ஆய்வது, பூ தொடுப்பது, துணி மடிப்பது, முறத்தில் பயறு போட்டுக் கல் பொறுக்குவது. விரலுக்குத் தெரிந்த வேலை வெகு காலம் நிற்கும். மடித்த துணி கோணலாக இருந்தால் இருக்கட்டும். அவர் முன்னால் பிரித்து மறுபடி மடிக்காதீர்கள்.

உங்களுக்குக் கோபம் வந்து கை ஓங்கத் தோன்றியது என்று எழுதியிருந்தீர்கள். அந்த நிமிஷம் அவர் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறாரா என்று மட்டும் பார்த்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். இங்கே எழுதுங்கள், ராத்திரி எத்தனை மணியானாலும். நீங்கள் கெட்டவர் இல்லை, தூங்காதவர். சென்னையில் ஸ்கார்ஃப் என்கிற மனநல அமைப்பின் டெம்கேர்ஸ் பிரிவில் டிமென்ஷியா குடும்பங்களுக்கு ஆலோசனை தருகிறார்கள். கேரளத்தில் 1992-ல் தொடங்கிய ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. என்கிற அல்சைமர் சங்கத்துக்குப் பல ஊர்களில் கிளைகள் உண்டு. சேலத்திலிருந்தும் போனில் பேசிப் பாருங்கள்.

21 ஜூன் 2020

சென்னையிலும் சுற்றி உள்ள மாவட்டங்களிலும் 19-ம் தேதியிலிருந்து மறுபடி முழு அடைப்பு. அப்பாவுக்குச் சாயங்காலம்தான் கஷ்டம். ஐந்து மணி ஆனால் "வீட்டுக்குப் போகணும்" என்று ஆரம்பிப்பார். இருப்பது அவர் கட்டிய வீடு. "இதுதான் உங்க வீடு" என்று சொன்னால் ஏமாற்றுகிறோம் என்று நினைக்கிறார். அம்மா இப்போது "உங்க வீட்டுல யாரெல்லாம் இருக்காங்க?" என்று கேட்கிறார். அவர் தன் அம்மாவைப் பற்றி, கிணற்றடியைப் பற்றிச் சொல்வார். சொல்லி முடிப்பதற்குள் சாப்பாடு வந்துவிடும். வெளிச்சம் குறையும் முன்பே எல்லா விளக்கையும் போட்டு ஜன்னல் திரையை மூடிவிடுங்கள், நிழலாட்டம் பயமுறுத்தும். மத்தியானத் தூக்கம் நீளாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொலைந்து போவது பற்றி முதலிலேயே எழுதியிருக்க வேண்டிய அளவுக்கு முக்கியமான ஒன்று, இங்கே கேட்டவர் நினைவுபடுத்தினார். சட்டைப் பையில் பெயர், போன் நம்பர் எழுதிய அட்டை, சமீபத்திய முழு உருவப் படம் ஒன்று உங்கள் போனில். வாட்ச்மேன், இஸ்திரிக்காரர், மருந்துக் கடைக்காரர் மூன்று பேருக்கும் விஷயத்தைச் சொல்லி வையுங்கள். ரோந்து வருகிற காவலர்களிடமும் சொல்லுங்கள். ஊரடங்கில் வெளியே நிற்கும் கிழவரை அவர்கள் அதட்டினால் இவர் பதிலுக்குக் கத்துவார், ஏன் நின்றோம் என்று இவருக்கே தெரியாது.

5 ஜூலை 2020

திருநெல்வேலி நண்பர் எழுதியது: அம்மா இரண்டு நாளாக எழுந்திருக்கவில்லை, பேச்சுக் குழறுகிறது, நோய் முற்றிவிட்டதா? இல்லை, தயவுசெய்து உடனே டாக்டரிடம் காட்டுங்கள். அல்சைமர் மாதக்கணக்கில், வருடக்கணக்கில்தான் இறங்கும். இரண்டு நாளில் ஆள் மாறினால் வேறு ஏதோ இருக்கிறது. மூத்திரத் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, சோடியம் இறங்குவது, புது மாத்திரை, பக்கவாதம். கொரோனாவே கூட வயதானவர்களுக்குக் காய்ச்சல் இருமல் இல்லாமல் திடீர்க் குழப்பமாக மட்டும் வரலாம்.

8 ஜூலை 2020

மூத்திரத் தொற்றுதானாம். ஊசி போட்டு இப்போது காபி கேட்கிறாராம். நல்லது, ரொம்ப நல்லது.

26 ஜூலை 2020

பெரியம்மாவை இந்த மாதம் கொரோனா வார்டில் சேர்க்க வேண்டியதாகிவிட்டது. அவருக்கும் மறதி நோய் உண்டு. கூட யாரையும் விடவில்லை. தொற்றுக்குப் பயந்த விதி அது, புரிகிறது. ஆனால் மாத்திரையை யார் கொடுத்தாலும் துப்பிவிடுகிறவருக்கு, சோற்றைப் பிசைந்து கையில் வைத்தால்தான் சாப்பிடத் தெரிகிறவருக்கு, தட்டைக் கட்டிலோரம் வைத்துவிட்டுப் போனால் என்ன ஆகும்? தொற்று குணமாகி வந்தார். நடை போய்விட்டது, மகளின் பெயரும் போய்விட்டது.

இங்கிலாந்தில் 2014-ல் ஒரு மகள் இதே அனுபவத்தை வைத்து ஓர் இயக்கம் தொடங்கினார், பெயர் ஜான்ஸ் கேம்பெய்ன். ஜான் அவருடைய அப்பா, டிமென்ஷியா உள்ளவர். காலில் புண்ணுக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்து, பார்வையாளர் கட்டுப்பாட்டால் குடும்பத்தைப் பெரும்பாலும் பார்க்காமல் இருந்து, திரும்பி வரும்போது எல்லாத் திறனையும் இழந்திருந்தார். பார்த்துக்கொள்பவர் பார்வையாளர் அல்ல, சிகிச்சையின் ஒரு பகுதி என்பது அவர்கள் வாதம். நானும் அதைத்தான் சொல்கிறேன். பிறந்த குழந்தையைத் தாயில்லாமல் வார்டில் வைக்க மாட்டோம். இவர்களுக்கும் ஒருவர் கூட இருந்தே ஆக வேண்டும், அவருக்குப் பாதுகாப்பு உடை கொடுத்தாவது. இந்த மார்ச் முதல் ஜூன் வரை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கொரோனாவால் இறந்தவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு டிமென்ஷியா இருந்திருக்கிறது.

அதுவரை, ஒரே ஒரு தாள் எழுதித் தயாராக வையுங்கள். எப்படிக் கூப்பிட்டால் திரும்புவார் ("தாத்தா" என்றால் அப்பாவுக்குக் கோபம் வரும், "சார்" என்றால் வருவார்), எந்த மொழி, எந்தக் காது கேட்கும், கண்ணாடி, பல்செட், எதைக் கண்டால் பயம், எதைப் பேசினால் அமைதி, மாத்திரையை எதில் வைத்துக் கொடுக்க வேண்டும். பெரிய எழுத்தில். மூன்று பிரதி எடுத்து ஒன்றைக் கட்டில் தலைமாட்டில் ஒட்டச் சொல்லுங்கள். எத்தனை நர்ஸ் மாறினாலும் தாள் மாறாது.

8 செப்டம்பர் 2020

பஸ் ஓடுகிறது, இ-பாஸ் தொல்லை இல்லை, ஆயா வந்துவிட்டார். அப்பாவுக்கு அவரைத் தெரியவில்லை. முதல் நாள் அருகில் விடவில்லை. ஆயா ஒன்றும் வற்புறுத்தவில்லை, வெங்காயக் கூடையோடு அவர் எதிரில் உட்கார்ந்து உரித்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் அப்பாவே ஒரு வெங்காயத்தை எடுத்தார். உங்கள் வீட்டிலும் பழைய ஆட்கள் திரும்பி வரும்போது இப்படி மெதுவாக விடுங்கள், முதல் நாளே குளிப்பாட்டச் சொல்ல வேண்டாம்.

இந்த மாதங்களில் அப்பாவின் பேச்சு நன்றாகக் குறைந்துவிட்டது. நோயே அப்படித்தான் என்பார்கள், இருக்கலாம். ஆனால் ஆட்களைப் பார்க்காமல் இருப்பதும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன். ஜூலைக் கடைசியில் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு வெளியிட்ட அறிக்கை, டிமென்ஷியா வருவதற்கு நம்மால் மாற்றக்கூடிய 12 காரணங்களைச் சொல்கிறது, மனிதத் தொடர்பு குறைவது அவற்றில் ஒன்று. நோய் வந்த பிறகு மட்டும் அது முக்கியமில்லாமல் போய்விடுமா?

23 மே 2021

நாளையிலிருந்து தளர்வில்லா ஊரடங்கு. போன வருடம் எழுதியவற்றில் பார்த்துக்கொள்பவருக்கே தொற்று வந்தால் என்ன செய்வது என்பது விட்டுப்போனது, இந்த அலையில் அதுதான் பல வீடுகளில் நடக்கிறது. இரண்டாவது ஆளை இன்றைக்கே முடிவு செய்யுங்கள். அவர் நோயாளியின் மாத்திரை நேரத்தையும் கழிவறைப் பழக்கத்தையும் ஒரு முறையாவது கூட இருந்து பார்த்திருக்க வேண்டும். ஆதார், பென்ஷன் புத்தகம், மருந்துச் சீட்டு, அந்த ஒரு தாள் எல்லாம் ஒரே பையில்.

சேலத்துப் பெண் இப்போது மற்றவர்களுக்குப் பதில் எழுதுகிறார். படிக்கச் சந்தோஷமாக இருக்கிறது.

14 அக்டோபர் 2023

வெகு நாளாக இங்கே எழுதவில்லை. அப்பா போன வருடம் காலமானார். வீட்டில், அம்மா பக்கத்தில்.

இந்த வருடம் வந்த ஓர் ஆய்வு, இந்தியாவில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம், சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா என்று கணக்கிட்டிருக்கிறது. பெண்களிடமும் கிராமங்களிலும் அதிகம். ஒவ்வொருவருக்கும் பின்னால் கதவைத் திறந்து வைத்துக் குளிக்கிற ஒருவர் இருக்கிறார்.

காரியம் முடிந்த பிறகு அம்மாவுக்கு வந்த போன்கள் நின்றுவிட்டன. எல்லோரும் அப்பாவுக்காகத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அத்தை மட்டும் விடவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பழகிய உடம்பு இன்னும் எழுகிறது, செய்ய ஒன்றும் இல்லை. பார்த்துக்கொண்டவரின் தனிமை நோயாளியோடு போய்விடுவதில்லை, இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரிந்த வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், சடங்கெல்லாம் முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்துப் போய்ப் பாருங்கள்.

அம்மா இப்போது புதன்கிழமை தோறும் அடுத்த தெருவில் ஒரு வீட்டுக்குப் போகிறார். அங்கே ஒரு பாட்டிக்கு இதே நோய். இவர் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் அந்த வீட்டு மருமகள் பாங்குக்கோ மார்க்கெட்டுக்கோ போய்வருகிறாள், சில நாள் சும்மா பூங்காவில் உட்கார்ந்துவிட்டு வருகிறாளாம்.

15 அக்டோபர் 2023

அப்படிப் போய் உட்கார விரும்புகிறவர்கள் என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டதற்கு: முதல் இரண்டு முறை வீட்டார் இருக்கும்போதே போங்கள். பாட்டி எதற்கு எழுந்திருப்பார், கழிவறைக்கு எப்படிக் கேட்பார், விழுங்கும்போது இருமுகிறாரா, எதைச் சாப்பிடக் கொடுக்கக் கூடாது, அவசரத்துக்கு யாருக்குப் போன் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மாத்திரை கொடுக்கும் பொறுப்பை ஏற்க வேண்டாம். போகும் நாளை மாற்றாதீர்கள், அந்த மருமகள் அந்த நாளை நம்பித்தான் இருப்பாள். முதியோர் உதவிக்கு அரசின் 14567 என்ற எண்ணும் இருக்கிறது, எந்த ஊரிலிருந்தும் கூப்பிடலாம். யார் எந்தப் பகுதியில், எந்தக் கிழமை போக முடியும் என்று கீழே எழுதுங்கள். கொளத்தூர், வில்லிவாக்கம் பக்கம் இரண்டு குடும்பங்கள் காத்திருக்கின்றன.